குட்டி ஒட்டகம்

எங்கள் டிப்போவில் ஒட்டகம் என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிற ஆள் ஒருவர்தான். அணைக்கட்டு வண்டியின் டிரைவர். அந்தப் பெயரை அவருக்கு வைத்தது யார் என்று இன்றைக்கும் அங்கே சண்டை நடக்கிறது. நான்தான் வைத்தேன். வேறு எவன் வந்து சொன்னாலும் நம்பாதீர்கள். அவர் வண்டியில் கண்டக்டராகக் குப்பை கொட்டுகிறவன் நான். அவரைப் பற்றிப் பேச என்னைவிட யோக்கியதை உள்ளவன் எவன் இருக்கிறான்?

ஊரிலிருந்து அணைக்கட்டுக்குப் போகிற ரோடு மலையைச் சுற்றிச் சுற்றி ஏறும். போய்த் திரும்பப் பாதி நாள் ஆகும். மற்ற டிரைவர்கள் வழியில் ஒரு மரத்தைக் கண்டால் போதும், "டயரைப் பாத்துட்டு வந்துடறேன்" என்று இறங்கிவிடுவார்கள். டயரைப் பார்க்க ஏன் மரத்துக்குப் பின்னால் போக வேண்டும் என்று நாமும் கேட்பதில்லை. இவர் மட்டும் இறங்க மாட்டார். காலையில் அரை டம்ளர் டீ. அதற்கப்புறம் வண்டி டிப்போவுக்குத் திரும்புகிறவரை தொண்டையில் ஒரு சொட்டு இறங்காது, வேறு எங்கிருந்தும் ஒரு சொட்டு வெளியேறாது.

"அண்ணே, ஆத்திரத்தை அடக்கினாலும் மூத்திரத்தை அடக்கக் கூடாதுன்னு பெரியவங்க சொல்லியிருக்காங்க."

"நான் ரெண்டையும் அடக்குவேன் கண்டக்டரே. நீ ஒண்ணையும் அடக்க மாட்டே."

ஒரு நாளைக்கு அவர் பேசுவதே அவ்வளவுதான். எனக்கு மூக்கின் மேல் கோபம் வரும் என்பதும் உண்மைதான். ஒத்துக்கொள்கிறேன்.

நடுவழியில் வண்டியை நிறுத்தாதவர் என்ற பெயர் அவருக்குப் பெரிய சொத்து. வேறு சொத்து ஒன்றும் கிடையாது. மனைவி இறந்த அன்றைக்குக்கூட அவர் நிறுத்தவில்லை. ஓட்டும்போது போனை அணைத்துவிடுவார், அதனால் ஆஸ்பத்திரியிலிருந்து சேதி என் போனுக்கு வந்தது. மலை ஏறிக்கொண்டிருந்தோம். நான் முன்னால் போய் அவர் காதருகே குனிந்து சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். கியரை மாற்றினார். வண்டி நிறைய ஆட்கள், இரண்டு பக்கமும் சரிவு. அணைக்கட்டில் கடைசி ஆளும் இறங்கிப் போன பிறகுதான் என்ஜினை அணைத்தார். அப்புறமும் ஸ்டியரிங்கை விடவில்லை. அவர் விரல்களை ஒவ்வொன்றாக நான்தான் பிரித்து எடுத்தேன். ஊரில் சிலர் கடமை வீரன் என்றார்கள், சிலர் கல்நெஞ்சன் என்றார்கள். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா?

அதற்கப்புறம் அவரும் மகளும் மட்டும். சைக்கிள் கடைக்கு மேலே இரண்டு அறை. முன் அறையில் ஒரு கட்டில், ஒரு மேஜை, சுவரில் மாட்டிய படத்தில் மனைவி. பின் அறையில் அடுப்பும் தண்ணீர்த் தொட்டியும், ஒரு மூலையைத் தடுத்துக் குளியலறையும் கழிப்பறையும். அவரே சமைப்பார், அவரே தலை பின்னிவிடுவார். வகிடு மட்டும் எங்கள் மலை ரோடு மாதிரி வளைந்து வளைந்து போகும். பள்ளிக்கூடத்தில் சேர்த்ததுமே, "நீ பெரிய பொண்ணாயிட்டே, நீயே குளிக்கணும்" என்று சொல்லிவிட்டார். கதவுக்கு வெளியே முதுகைத் திருப்பிக்கொண்டு நிற்பார். "காது கழுவினியா? கழுத்து? முட்டி?" என்று ஒவ்வொன்றாகக் கேட்பார். கேட்க வேண்டிய ஒன்றை மட்டும் கேட்க மாட்டார். அவருக்கு வாய் வராது. பக்கத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளப் பெண்பிள்ளை யாரும் இல்லை. எனக்கோ கல்யாணமே ஆகவில்லை. நல்ல ஜோடி நாங்கள்!

பள்ளிக்கூடம் மதியம் முடியும். வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. நாங்கள் அணைக்கட்டுக்குப் புறப்படுகிற வழியில்தான் பள்ளிக்கூடத்து வாசல். அங்கே அவள் ஏறிக்கொள்வாள். என்ஜினை ஒட்டி ஓர் ஒற்றை சீட் உண்டு, அது அவளுடையது. அணைக்கட்டு வரை வந்து, எங்களோடு திரும்பி, பொழுது சாயும் நேரத்தில் வீடு போய்ச் சேருவாள். ஏழு வயதுக் குழந்தை, ரோட்டைப் பார்த்துக்கொண்டு தன் அப்பாவைப் போலவே வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருக்கும். இரண்டு ஊமைகளுக்கு நடுவில் நான் ஒருவன் தொண்டை கிழியப் பேசிக்கொண்டு வருவேன்.

ஒரு நாள் மலையில் மண் சரிந்து வண்டி மாட்டிக்கொண்டது. வெகு நேரம். பயணிகள் ஆளுக்கொரு புதர் தேடிப் போய் வந்தார்கள். இவரும் இறங்கவில்லை, மகளும் இறங்கவில்லை. அன்றைக்கு டிப்போவில் இதைச் சொன்னேனோ இல்லையோ, மெக்கானிக் ஸ்பானரைக் கீழே போட்டுவிட்டுக் கைதட்டினார். "அடேங்கப்பா! ஒட்டகத்துக்குப் பொறந்தது குட்டி ஒட்டகம்டா!" எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். மனைவி போன பிறகு அவர் பல்லை நான் பார்த்தது அன்றைக்குத்தான். நான் பார்த்தேன் என்றால், பக்கத்தில் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற குழந்தை பார்த்திருக்காதா? அண்ணாந்து அந்தச் சிரிப்பையே பார்த்துக்கொண்டிருந்தது.

அதற்கப்புறம்தான் காய்ச்சல்கள் ஆரம்பித்தன.

முதல் தடவை, ஒண்ணுக்குப் போகும்போது எரிகிறது என்று அழுதாள். மருந்து வாங்கிக் கொடுத்தார். எரிச்சல் நின்றதும் மருந்தை நிறுத்திவிட்டார். கொஞ்ச நாளில் மறுபடியும் வந்தது. "சூடுண்ணே" என்றேன் நான். "பச்சைப் புள்ள, தினம் என்ஜின் பக்கத்துல உக்காந்து வருது. வேற என்ன ஆகும்?" எங்களுக்கு என்ஜினைத் தவிர வேறு என்ன தெரியும்? அவர் ஒரு சாக்கை நனைத்து என்ஜின் மூடிமேல் போட்டார். சீட்டுக்கு மெத்தை தைத்தார். அதுவும் போதாதென்று அவளைக் கடைசி சீட்டுக்கு அனுப்பினார். அவ்வளவு தூரத்திலிருந்து கண்ணாடியில் அவர் அவளைப் பார்ப்பார், அவள் அவரைப் பார்ப்பாள். பார்க்கவே எனக்குப் பொறுக்காது. கடைசி சீட்டில் குலுக்கல் அதிகம். அவள் காலைப் பின்னிக்கொண்டு, முன்கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். குலுக்கலுக்குப் பிடித்திருக்கிறாள் என்று நினைத்தேன்.

மூன்றாம் தடவை காய்ச்சல் வண்டியிலேயே வந்துவிட்டது. திரும்பி வரும்போது நடுங்கிக்கொண்டிருந்தாள், உடம்பு அனலாகக் கொதித்தது. சீட் நனைந்திருந்தது. "மாமா, அப்பாகிட்ட சொல்லாதீங்க" என்றாள். சொல்லாமல் எப்படி இருக்க முடியும்? டிப்போவில் வண்டியை விட்டதும் நேராக ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். மகளின் பெரியம்மா, இறந்துபோன அம்மாவின் அக்கா, அணைக்கட்டுப் பக்கம் குடியிருப்பவர், மறுநாள் காலை முதல் வண்டியில் வந்து இறங்கினார்.

நல்ல மனுஷிதான். ஆனால் பேச்சு அரிவாள். "தம்பி, நானும் பாத்துட்டே இருக்கேன். இது ஆம்பளை ஒருத்தரால ஆகிற காரியமில்ல. இன்னொரு தடவை காய்ச்சல்னு கேள்விப்பட்டேன், புள்ளைய நான் கூட்டிட்டுப் போயிடுவேன்."

அவர் கையில் இருந்த குழந்தையின் செருப்பைத் துடைத்துக்கொண்டிருந்தார். அந்த வீட்டில் அவரைத் தவிர மூச்சு விடுகிற உயிர் அந்தக் குழந்தை ஒன்றுதான். அதுவும் போய்விட்டால் அவர் யாருக்காகத் திரும்பி வருவார்?

காய்ச்சல் தணிந்த பிறகு டாக்டரம்மா ஒரு நாள் வரச் சொன்னார். டிரைவர் துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார். ஸ்கேன் பார்த்துவிட்டு, கிட்னிக்கு இதுவரை ஒன்றும் ஆகவில்லை என்றார் டாக்டர். பிறகு எங்களை விட்டுவிட்டுக் குழந்தையைப் பார்த்துத் திரும்பினார்.

"கண்ணு, ஒரு நாளைக்கு எத்தனை தடவை ஒண்ணுக்குப் போவே?"

அவள் முதலில் அப்பாவைப் பார்த்தாள். முதுகை நிமிர்த்திக்கொண்டாள். "காலைல ஒரு தடவை. அப்புறம் சாயங்காலம் வீட்டுக்குப் போய்."

"நடுவுல? ஸ்கூல்ல?"

"அங்க தாழ்ப்பாள் போட முடியாது. யாராவது கதவைத் தள்ளுவாங்க. நான் தண்ணியே குடிக்க மாட்டேன், எனக்கு அங்க போகவே வேணாம். நான் குட்டி ஒட்டகம்."

சொல்லிவிட்டு அப்பாவின் முகத்தையே பார்த்தாள், அந்தச் சிரிப்புக்காக. அவருக்குப் பழக்க தோஷத்தில் உதடு கொஞ்சம் விரிந்தது. அப்புறம் அப்படியே நின்றுவிட்டது.

டாக்டர் என்ன ஒட்டகம் என்று கேட்க, நான் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே நாக்கு உள்ளே போனது.

"என்ஜின் சூடுன்னு நினைச்சோம்" என்றார் அவர்.

"சூடும் இல்ல, கீடும் இல்லங்க. பொண்ணுங்களுக்கு ஒண்ணுக்குப் போற குழாய் ரொம்பக் குட்டை. ரெண்டுக்குப் போற இடமும் பக்கத்துலயே இருக்கு. அங்க இருக்கிற கிருமி சுலபமா உள்ள ஏறிடும். அடிக்கடி ஒண்ணுக்குப் போனா அதுவே கழுவித் தள்ளிடும். இவ தண்ணியும் குடிக்கிறதில்ல, வர்றதையும் அடக்கி வைக்கிறா. உள்ள தேங்கிப்போனா கிருமிக்குக் கொண்டாட்டம்தான். மருந்து கொடுத்து விரட்டினாலும், மருந்தைப் பாதில நிறுத்தினாலோ இந்தப் பழக்கம் மாறலைன்னாலோ திரும்பத் திரும்ப வரும். அடிக்கடி மேல ஏறினா கிட்னில தழும்பு விழுந்துடும்." பிறகு கேட்டார், "மலம் தினம் போறாளா?"

அவருக்குத் தெரியவில்லை. அவள்தான் தலையை ஆட்டினாள், இல்லை என்று.

"பாத்தீங்களா, அதுவும் ஒரு காரணம். உள்ள கட்டிக்கிட்டா அது மூத்திரப்பையை அழுத்தும், முழுசா காலியாகாது. கழுவும்போது எப்பவும் முன்னாலேருந்து பின்னால கழுவணும், இதை யாரும் சொல்லித் தரலையா?"

அவர் தரையைப் பார்த்தார். டாக்டரம்மா அதைப் புரிந்துகொண்டு, நர்ஸைக் கூப்பிட்டுக் குழந்தைக்குச் சொல்லித்தரச் சொன்னார். "ரெண்டு மூணு மணி நேரத்துக்கு ஒரு தடவை, வந்தாலும் வராட்டியும் போய் உக்காரணும். கால் தரையில நல்லா பதியணும். பாதில எழுந்து ஓடக் கூடாது. நிதானமா, முழுசா. அவசரமே கூடாது. ஆமா, நீங்க போற வழியில டாய்லெட்டே இல்லையா?"

"மலையடிவாரத்துல பெட்ரோல் பங்க்குல இருக்கு. ஆனா வண்டி அங்க நிக்காது."

"யாரோட வண்டி?"

அவர் மகளைப் பார்த்துவிட்டுச் சொன்னார். "என்னோடதுதான்."

மறுநாள் அவர் செய்த காரியத்தைக் கேட்டால் உங்களுக்கும் கோபம் வரும். தானே பெரியம்மாவுக்குப் போன் போட்டு, வந்து கூட்டிக்கொண்டு போகச் சொல்லிவிட்டார். "உங்களுக்கு மூளை கீளை இருக்கா அண்ணே?" என்று டிப்போ அதிரக் கத்தினேன். "புள்ளைக்கு என்ன வியாதின்னு தெரிஞ்சு போச்சு, மருந்து தெரிஞ்சு போச்சு, இப்பப் போய் எதுக்கு?"

"அங்க வீடு நிறையப் பொம்பளைங்க இருக்காங்க. கேக்க வேண்டியதை எல்லாம் கேப்பாங்க. என்கிட்ட இருந்தா என்னை மாதிரியே ஆயிடும்." அவர் அழவில்லை. அழுதிருந்தால் நான் கத்தியிருக்க மாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பெரியம்மாவும் குழந்தையும் எங்கள் வண்டியிலேயே ஏறினார்கள். அந்த நேரத்துக்கு வேறு வண்டி ஏது? தன் மகளைத் தானே ஓட்டிக்கொண்டு போய் விட்டுவிட்டு வர வேண்டும். குழந்தையின் துணிப்பையை அவரே தூக்கி மேலே வைத்தார். டாக்டர் சொன்னபடி ஒரு தண்ணீர் பாட்டிலைக் கையில் கொடுத்தார். "குடி கண்ணு" என்றார். பழைய ஒற்றை சீட்டில் உட்காரச் சொன்னார், கடைசித் தடவை என்று நினைத்தாரோ என்னவோ. பிறகு வண்டியை எடுத்தார்.

மலையடிவாரத்துக்குக் கொஞ்சம் முன்னால் டிக்கெட் எல்லாம் முடித்துவிட்டு அவள் பக்கத்தில் வந்து நின்றேன். பாட்டில் அப்படியே இருந்தது. கால் இரண்டும் பின்னியிருந்தன. இப்போது எனக்கு அது குலுக்கலுக்கு இல்லை என்று தெரியும்.

"வருதா பாப்பா?"

இல்லை என்று தலையாட்டினாள். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது. பிறகு என் சட்டையைப் பிடித்து இழுத்துக் காதில் கேட்டாள். "மாமா, அன்னிக்கு நான் சீட்டை நனைச்சுட்டேன்ல, அதனாலதானே அப்பா என்னை அனுப்பறாரு? நான் இப்ப இன்னும் நல்லா அடக்கறேன். அணைக்கட்டு வரைக்கும் அடக்கிட்டேன்னா, திரும்பக் கூட்டிட்டுப் போவாரா?"

இந்தப் பிஞ்சு மனதுக்குள் இத்தனை நாளாக இது தனியாகக் கிடந்திருக்கிறதே! டாக்டர் சொன்னது, மருந்து, ஸ்கேன் எதுவும் அவளுக்குப் புரியவில்லை. தோற்றுப்போன ஒட்டகத்தை அப்பா வீட்டைவிட்டு அனுப்புகிறார் என்றுதான் புரிந்திருந்தது.

நான் முன்னால் போய் அவர் காதருகே குனிந்தேன். முன்பு ஒரு தடவை அப்படிக் குனிந்தது எனக்கு ஞாபகம் வந்தது. அவருக்கும் வந்திருக்க வேண்டும், தோள் விறைத்தது. அவள் கேட்டதை அப்படியே சொன்னேன்.

அவர் தலையை ஆட்டவில்லை. கியரை மாற்றவில்லை. பெட்ரோல் பங்க் தெரிந்ததும் வண்டியை ஓரம் கட்டி, பிரேக்கை இழுத்து, என்ஜினை அணைத்தார்.

பின்னாலிருந்து ஒருவன், "என்னாச்சு, பஞ்சரா?" என்றான்.

அவர் எழுந்து பயணிகள் பக்கம் திரும்பினார். வெளுத்துப்போயிருந்தார். அத்தனை பேருக்கும் கேட்கும்படி சொன்னார். "எனக்கு ஒண்ணுக்கு வருது. போயிட்டு வரேன்."

யாரோ கெக்கெக்கே என்று சிரித்தான். இன்னொருவன், "யோவ், ஒட்டகம்னாங்க! ஒட்டகத்துக்கும் அடி சறுக்குதா?" என்றான். எனக்கு வந்ததே ஆத்திரம். "எவன்டா அவன்? உனக்கு வந்தா நீ என்ன பாக்கெட்லயா போட்டுக்குவே? வாயை மூடிட்டு உக்காரு, இல்ல இறங்கி நட!" என்று நான் போட்ட சத்தத்தில் பங்க்கில் பெட்ரோல் போட்டுக்கொண்டிருந்தவனே திரும்பிப் பார்த்தான்.

அவர் எதையும் காதில் வாங்கவில்லை. மகள் முன்னால் குனிந்தார். "அப்பாவுக்குத் தனியாப் போகக் கூச்சமா இருக்கு கண்ணு. நீயும் வரியா?"

அவள் அப்பாவையே கண்கொட்டாமல் பார்த்தாள். "உனக்குமா வரும்?"

"எனக்கும் தினம் வரும். சொல்ல வெக்கப்பட்டுட்டு இருந்தேன். தப்பு என்னோடது. அடக்கினா தப்பு கண்ணு, அடக்கக் கூடாது."

அவள் சீட்டிலிருந்து குதித்தாள். இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு பங்க்குக்குப் பின்னால் ஓடுகிறதை வண்டி மொத்தமும் ஜன்னல் வழியாகப் பார்த்தது. அதற்குள் நாலைந்து பெண்கள் மெதுவாக எழுந்து, புடவையைச் சரி செய்துகொண்டு, என்னைப் பார்க்காமல் இறங்கிப் போனார்கள். இத்தனை வருஷமாக அவர்களும் அடக்கிக்கொண்டுதான் வந்திருக்கிறார்கள். அது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. பெரியம்மா மட்டும் இறங்கவில்லை. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அணைக்கட்டில் எல்லோரும் இறங்கினார்கள். அவர் எழுந்து துணிப்பையை எடுக்கக் கையை உயர்த்தினார். பெரியம்மா அவர் கையைத் தட்டிவிட்டார்.

"அது அங்கயே இருக்கட்டும் தம்பி. லீவுக்கு நான் வந்து கூட்டிக்கிறேன். நீங்க தினமும் நிறுத்தணும். ஒரு நாள் நிறுத்தலைன்னு தெரிஞ்சாலும் மறுநாள் வந்து நிப்பேன்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "கேக்கக் கூச்சமா இருந்தா எனக்குப் போன் போட்டு அவகிட்டக் குடுங்க. நான் கேட்டுக்கிறேன்."

அவர் கையெடுத்துக் கும்பிட்டார்.

திரும்பும்போது ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், வண்டியில் ஈ காக்கை இல்லை. நாங்கள் மூன்று பேர்தான். பெட்ரோல் பங்க்கில் யாரும் கேட்காமலே வண்டி நின்றது. அவள் உள்ளே போனாள். பங்க்குக்காரன் விளக்கைப் போட்டான். அவர் அந்தத் தகரக் கதவுக்கு வெளியே, வீட்டில் நிற்கிற மாதிரியே முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றார். நான் படியில் உட்கார்ந்திருந்தேன். மலைக்காற்று சில்லென்று வந்தது. எனக்கும் சேர்த்து யாராவது எங்காவது காத்துக்கொண்டு நிற்கக் கூடாதா என்று ஒரு நினைப்பு வந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், வந்தது.

"அப்பா, இருக்கியா?" என்று உள்ளேயிருந்து சத்தம்.

"இருக்கேன் கண்ணு."

கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும். "வண்டி லேட்டாயிடுமா அப்பா?"

இத்தனை வருஷத்தில் அவர் வாயால் நான் கேட்காத வார்த்தையை அன்றைக்குத்தான் கேட்டேன்.

"அவசரமில்லம்மா. நிதானமா வா. அப்பா இங்கதான் நிக்கறேன்."